பார்வையற்ற ஒருவர் சொந்தமாகக் கோடிங் கற்று, எல்லோருக்கும் ஒத்துவரும் வெப்சைட் செய்ய முடியுமா?

கேள்வி கேட்ட தம்பி பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறார். பார்வை முழுவதுமாக இல்லை. கம்ப்யூட்டரில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருளான என்விடிஏ ஸ்கிரீன் ரீடர் கைவந்திருக்கிறது. வெப்சைட் செய்யத் தானாகக் கற்றுக்கொள்ள எங்கே தொடங்குவது, "சிஎஸ்எஸ் (பக்கத்தின் நிறம், அளவு, இடம் எல்லாம் எழுதும் மொழி) கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை, உனக்குச் சரிப்படாது" என்று ஒரு கோச்சிங் சென்டரில் சொன்னது உண்மையா, இதில் வேலை கிடைக்குமா, 40,000 ரூபாய்க்கு எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார். போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்: "நமக்கு ஒத்துவர்ற சைட் எப்படி இருக்கணும்னு நமக்குத் தெரியாதா அண்ணா, அதைத் தனியா வேற படிக்கணுமா?"

தம்பி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். தனியாகப் படிக்கத்தான் வேண்டும். உங்களைப் போலவே பார்வையில்லாத நான், படிக்காமல் பட்டிருக்கிறேன்.

நான் செய்த முதல் சைட் என் சித்தப்பா மகனுடைய சமையல் கான்ட்ராக்ட் தொழிலுக்கு. ஹெடிங், லிங்க், மெனு டேபிள் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தேன். எச் தட்டினால் தலைப்பு தலைப்பாகத் தாவியது, என்விடிஏ கடகடவென்று வாசித்தது. பெருமை தாங்கவில்லை. தங்கச்சி அவள் போனில் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், "அண்ணே, பக்கம் வெள்ளையா இருக்கே, ஒண்ணுமே வரலை." நடந்தது இதுதான். பின்னணியில் கல்யாண மண்டபத்தின் இருட்டான போட்டோ, அதன் மேல் வெள்ளை எழுத்து. போட்டோ ஃபைலின் பெயர் முடிவில் ஜேபிஜி என்பது பெரிய எழுத்தில் இருந்தது. கோடில் நான் சிறிய எழுத்தில் எழுதியிருந்தேன். என் விண்டோஸ் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. சர்வரில் இருந்த லினக்ஸ் அப்படி விடாது, போட்டோ வரவில்லை. வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து. என்விடிஏவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, தொடர்ந்து "சாம்பார் சாதம் நூறு பேருக்கு" என்று வாசித்துக்கொண்டிருந்தது.

ஸ்கிரீன் ரீடர் திரையை வாசிப்பதில்லை. பெயரைக் கேட்டு நாமும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம். எது தலைப்பு, எது பட்டன் என்று டேக் என்ற குறிகளால் பக்கத்தை எழுதும் மொழி ஹெச்டிஎம்எல். பிரவுசர் அதை எடுத்து உள்ளுக்குள் ஒரு மரம் (கிளை கிளையாகப் பிரியும் பட்டியல்) கட்டுகிறது, அதிலிருந்து ஸ்கிரீன் ரீடர்களுக்கென்று இன்னொரு மரம் கட்டுகிறது. அந்த இரண்டாவது மரத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் முக்கியமாக நாலு தகவல்: அது என்ன வகை, அதன் பெயர் என்ன, இப்போது என்ன நிலையில் இருக்கிறது, அதன் மதிப்பு என்ன. "செக் பாக்ஸ், நிபந்தனைகளை ஏற்கிறேன், டிக் செய்யப்படவில்லை" என்று நீங்கள் கேட்பது அங்கிருந்து வருவதுதான். நம் வேலையில் பாதி இந்த மரத்தை ஒழுங்காகக் கட்டவைப்பது. மீதிப் பாதி, நம் காதுக்கு வராத விஷயங்களைச் சரிபார்ப்பது. முதல் பாதியில் நமக்கு மற்றவர்களைவிட ஒரு அடி முன்னிலை உண்டு. இரண்டாவதில் ஒரு அடி பின்னால்தான் நிற்கிறோம்.

முதல் பாதியிலும் ஏமாறும் இடம் இருக்கிறது. ஒரு படிவத்தில் பெட்டிகளுக்கு லேபிள் போடாமல் விட்டால், ஜாஸ் போன்ற ஸ்கிரீன் ரீடர் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்துத் தானாக ஊகித்துச் சொல்லிவிடும். அது பயனாளிக்கு நல்லது, செய்தவருக்குக் கெடுதல். போதாததற்கு, மூன்றாவது பெட்டி போன் நம்பர் என்று உங்களுக்கே தெரியும், நீங்கள்தானே செய்தீர்கள்! அதனால் உங்கள் சைட்டை முதல்முறையாகத் தொடும் ஒருவரிடம் கொடுக்காமல் "ஒத்துவருகிறது" என்று சொல்லாதீர்கள்.

சரி, எங்கே தொடங்குவது. ஹெச்டிஎம்எல். வெறும் ஹெச்டிஎம்எல், குறைந்தது 2 மாதம். எல்லோரும் ஒரு வாரத்தில் தாண்டிப் போய் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியைப் படிக்கிறார்கள், அப்புறம் எல்லாவற்றையும் டிவ்வில் கட்டுகிறார்கள்.

டிவ் என்பது பெயரில்லாத வெறும் பெட்டி. அதற்கு வண்ணம் அடித்து, ஓரத்தை வளைத்து, பக்கத்தை இயங்கவைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் க்ளிக் வைத்தால் பார்ப்பவர் கண்ணுக்குப் பட்டன். என்விடிஏ அதைப் பட்டன் என்று சொல்லாது. பட்டன்களுக்குத் தாவ பி தட்டினால் அங்கே போகாது. டேப் அங்கே நிற்காது, என்டர், ஸ்பேஸ் இரண்டும் வேலை செய்யாது. உண்மையான பட்டன் டேகை எழுதினால் இவ்வளவும் இலவசமாக வருகிறது. இதற்கு மேல், ஒரு பொருள் என்ன என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்ல டேகில் எழுதும் குறிப்புகளாக ஆரியா என்று ஒரு தொகுதி இருக்கிறது (நடிகர் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை). டிவ்வின் மேல் ரோல் பட்டன் என்று எழுதி ஒட்டினால் ஸ்கிரீன் ரீடர் பட்டன் என்று சொல்லும், ஆனால் கீபோர்ட் வேலை எதுவும் தானாக வராது. போர்டு மட்டும் மாட்டிய பூட்டின கடை மாதிரி. உலகளாவிய வலை நிர்ணயங்களை வகுக்கும் டபிள்யூ3சி, ஆரியாவுக்கு வைத்திருக்கும் முதல் விதியே, ஹெச்டிஎம்எல்லில் அந்தப் பொருள் ஏற்கெனவே இருந்தால் அதையே பயன்படுத்து என்பதுதான். அமெரிக்காவின் வெப்எய்ம் என்ற இணைய அணுகல் அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிச் சோதனையில் ஓட்டிப் பார்க்கிறது. 2025-ல் 94.8 சதவீதப் பக்கங்களில் பிழை. ஆரியா போட்ட பக்கங்களில் போடாதவற்றைவிடப் பிழை அதிகம் என்பதும் அதே ஆய்வில் வந்ததுதான்.

இந்த 2 மாதத்தில் ஹெடிங் வரிசை, லேபிளைப் பெட்டியோடு கோப்பது, டேபிளில் தலைப்புக் கட்டம், படங்களுக்கு ஆல்ட் (படத்தைச் சொல்லில் விளக்கும் வரி) எழுதுவது இவ்வளவும் கையில் படிந்துவிட வேண்டும். ஆல்ட் பற்றி ஒன்று. அலங்காரப் படத்துக்கு ஆல்ட்டைக் காலியாக எழுத வேண்டும். காலியாக எழுதுவது வேறு, எழுதாமலே விடுவது வேறு. காலியாக எழுதினால் ஸ்கிரீன் ரீடர் அந்தப் படத்தைத் தாண்டிப் போய்விடும். படம் லிங்க்குக்குள் இருந்து, ஆல்ட்டும் எழுதாமல் விட்டால் "ஐஎம்ஜி அண்டர்ஸ்கோர் 2019..." என்று ஃபைல் பெயரை ஓதுமே, அந்தக் கொடுமை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் டபிள்யூ3சியின் ஹெச்டிஎம்எல் வேலிடேட்டரில் போடுங்கள். மூடாத டேக்கைப் பார்ப்பவர் பக்கம் கோணலாக இருப்பதை வைத்துப் பிடித்துவிடுவார். நமக்கு அந்தக் கோணல் கேட்காது. வேலிடேட்டர் வரி எண்ணோடு சொல்லும். பாடத்துக்கு வீடியோவை நம்ப வேண்டாம், "இதோ இங்க பாருங்க, இதை இப்படி மாத்தினா இப்படி வரும்" என்பார்கள், நமக்கு எங்கே, எது, எப்படி மூன்றும் தெரியாது. மொசில்லாவின் எம்டிஎன் பக்கங்கள் எழுத்தில் இருக்கின்றன, ஹெடிங் ஒழுங்காக இருக்கிறது, கோடைத் தனியாகக் காப்பி செய்ய முடிகிறது. தமிழில் இல்லை, ஆங்கிலத்தைச் சமாளித்துத்தான் ஆக வேண்டும்.

கோட் எழுதும் எடிட்டருக்கு விஎஸ் கோட் வைத்துக்கொள்ளுங்கள். திறந்தவுடன் ஆல்ட் எஃப்1 அழுத்தினால் ஸ்கிரீன் ரீடர் உதவிப் பக்கம் வரும். எடிட்டருக்குள் டேப் அழுத்தினால் இடைவெளி விழும், வெளியே வர முடியாது. கன்ட்ரோல் எம் அழுத்தினால் டேப் பழைய வேலைக்குத் திரும்பும். இது தெரியாமல் நான் ஒரு நாள் முழுக்க உள்ளேயே சிக்கிக் கிடந்திருக்கிறேன். என்விடிஏவில் இரண்டு மாற்றம் அவசியம். ஒன்று, நிறுத்தக்குறி அளவு. வழக்கமான அளவில் செமிகோலனையும் அடைப்புக்குறிகளையும் முழுங்கிவிடும், கோடில் பிழை இருப்பதே அங்கேதான். அதை 'ஆல்' வரை ஏற்றுங்கள். ஏற்றிவிட்டுக் கதை வாசிக்கப் போனால் காது வலிக்கும், அதனால் விஎஸ் கோடுக்கு மட்டும் தனி ப்ரொஃபைல் செய்துவிடுங்கள், எடிட்டருக்குள் நுழைந்ததும் தானாக மாறிக்கொள்ளும்.

இரண்டாவது, வரி உள்ளே தள்ளியிருப்பதைச் சொல்லும் வசதி. டாக்குமென்ட் ஃபார்மேட்டிங் அமைப்பில் இருக்கிறது. பேச்சாகவும் கேட்கலாம், ஒலியாகவும் கேட்கலாம். நான் ஒலிதான் வைத்திருக்கிறேன். வரி உள்ளே போகப் போக சுருதி ஏறும், ஹார்மோனியத்தில் விரல் நகர்வது மாதிரி. ஒரு மாதத்தில் எந்த டேக் எதற்குள் இருக்கிறது என்று யோசிக்காமலே தெரிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: என்விடிஏவை 2006-ல் எழுதத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன். பின்னர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். அதன் பெரும்பகுதி பைத்தான் மொழியில் இருக்கிறது, ஒரு இடைவெளி தப்பினாலும் ஓடாத மொழி அது.

தமிழில் பக்கம் செய்வீர்கள் என்று நினைக்கிறேன், அதற்கென்று ஒரு தனித் தலைவலி. பக்கத்தின் தொடக்கத்தில் உள்ள ஹெச்டிஎம்எல் டேகில், மொழி தமிழ் என்று லாங் பண்பில் எழுத வேண்டும், டிஏ என்று இரண்டே எழுத்து. எழுதாவிட்டால், ஆங்கிலக் குரலில் கேட்டுக்கொண்டிருப்பவருக்குத் தமிழ் வரிகள் வெறும் மௌனமாகவோ குழறலாகவோ போகும். எழுதியிருந்தால் என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரல் தானாகத் தமிழுக்கு மாறும். பழைய எழுத்துருக்கள் இன்னும் மோசம். யாராவது பாமினியில் தட்டிய செய்தியை அப்படியே பக்கத்தில் ஒட்டச் சொல்லிக் கொடுத்தால் ஒட்டாதீர்கள். பார்ப்பவருக்கு அங்கே 'தமிழ்' என்று தெரியும், நமக்கு "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று கேட்கும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் முகமூடி. யூனிகோடாக மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். இந்தச் சங்கதி பார்வையுள்ள பல டெவலப்பர்களுக்குத் தெரியவே தெரியாது, உங்களுக்குத் தெரியும். நேர்காணலில் சொல்லுங்கள்.

இப்போது சிஎஸ்எஸ். அந்தச் சென்டர்காரர் சொன்னதில் பாதி உண்மை. "இந்த நீலம் அந்த மஞ்சளோடு எடுப்பாக இருக்கிறதா" என்று நம்மால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதை ஒரு டிசைனர் சொல்லட்டும். ஆனால் சிஎஸ்எஸ் பெரும்பாலும் கணக்கு. டப்பாவுக்குள் சோறு, சோற்றுக்கும் டப்பாச் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடம் பேடிங், சுவர் பார்டர், அலமாரியில் அடுத்த டப்பாவுக்கு விட்ட இடைவெளி மார்ஜின். பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ் என்பது பந்தியில் இலை போடுவது: எத்தனை இலை, நடுவில் எவ்வளவு இடம், வரிசை நிரம்பினால் அடுத்த வரிசைக்குப் போவதா வேண்டாமா. பெட்டிகளைக் கட்டங்களில் வைக்கும் கிரிட் எனக்கு விளங்கியது ஆச்சியின் பல்லாங்குழிப் பலகையில். 2 வரிசை, வரிசைக்கு 7 குழி. "முதல் வரிசையில் மூன்றாம் குழியிலிருந்து ஐந்தாம் குழி வரை இந்தப் பெட்டி" என்று விரலால் தொட்டுத் தொட்டு எழுதினேன்.

சரிபார்ப்பதும் கணக்குதான். பிரவுசருக்குள் கட்டளை எழுதும் இடமான கன்சோலில் ஒரு வரி எழுதிக் கேட்டால் எந்தப் பெட்டி இடமிருந்து எத்தனை பிக்சலில் இருக்கிறது, அகலம் எவ்வளவு என்று வரும். இரண்டு பெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா என்பதைக் கழித்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடும் அப்படியே. இணைய அணுகலுக்கான டபிள்யூசிஏஜி விதிகள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதம் கேட்கின்றன. வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற சாம்பல் நிறம் 4.54 வாங்கித் தேறிவிடும். 777777 என்றால் 4.48, ஃபெயில். பார்ப்பவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் சொல்ல மாட்டார், நீங்கள் கால்குலேட்டரை வைத்துச் சொல்வீர்கள். வெப்எய்ம் ஆய்வில் ஆண்டுதோறும் முதலிடம் பிடிக்கும் பிழை இதுதான், கண்ணுள்ளவர்கள் செய்வது. அப்புறம் என் சாம்பார் சாதக் கதையிலிருந்து ஒன்று: எழுத்துக்கு நிறம் கொடுத்தால் அதே இடத்தில் பின்னணிக்கும் நிறம் கொடுங்கள், போட்டோ வந்தாலும் வராவிட்டாலும்.

நமக்கென்றே உள்ள ஒரு பள்ளமும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளெக்ஸிலும் கிரிட்டிலும் பெட்டிகளின் வரிசையைத் திரையில் மட்டும் மாற்ற முடியும். கோடில் இருக்கும் வரிசை மாறாது. நாம் கேட்பது கோடின் வரிசை, அதனால் ஒழுங்காகவே கேட்கும். கண் தெரிந்து, கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாமல் டேப் மட்டும் தட்டுகிறவருக்கு, ஃபோகஸ் (கீபோர்ட் இப்போது நிற்கும் இடம்) மேலும் கீழும் தாறுமாறாகக் குதிக்கும். அதேபோல் ஃபோகஸைச் சுற்றித் திரையில் வரும் கட்டம் அசிங்கமாக இருக்கிறதென்று செய்கிறவர்கள் அதை அழித்துவிடுவார்கள். நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. டேப் தட்டுகிறவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. "நமக்கு ஒத்துவர்றது நமக்குத் தெரியாதா" என்று கேட்டீர்களே, நமக்குத் தெரிந்தது நமக்கு ஒத்துவருவது மட்டும்தான். எழுத்தை 4 மடங்கு பெரிதாக்கிப் படிக்கிற குறைப்பார்வைக்காரர், வீடியோவுக்கு எழுத்து வேண்டிய காது கேளாதவர், இவர்களும் அதே டபிள்யூசிஏஜி விதிப்புத்தகத்தில் இருக்கிறார்கள். முழுக்கப் படியுங்கள். இப்போதைய பதிப்பு 2.2, 2023 அக்டோபரில் வந்தது. ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ என மூன்று படி; வேலையில் கேட்பது டபுள் ஏ.

ஜாவாஸ்கிரிப்ட் பற்றி இங்கே நீட்டவில்லை. ஃபோகஸை எங்கே கொண்டுபோகிறோம், பக்கத்தில் ஏதாவது மாறினால் அதைக் காதுக்கு எப்படிச் சொல்கிறோம், இந்த இரண்டைப் பிடித்துக்கொண்டால் மற்றது மற்றவர்களைப் போலவே கற்கலாம். என் நண்பர் ஒருவர் மின்சார ரயிலில் கடலை மிட்டாய் விற்கிறார், ஆண்ட்ராய்டு போனின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கில் போனை விளாசுவார். நான் செய்த ஒரு பக்கத்தில் மேலே ஒரு பெட்டி திறந்துகொண்டது. என் விரலுக்கு எஸ்கேப் கீ இருந்தது, அவர் விரலுக்கு இல்லை. மூடும் பட்டனுக்கு நான் பெயர் வைக்க மறந்திருந்தேன். "பெயரில்லாத பட்டன்னு ஒண்ணு சொல்லுது, அமுக்குனா காசு போயிடுமான்னு பயந்து போனையே அணைச்சுட்டேன்" என்றார். கம்ப்யூட்டர் தொடாத, போன் மட்டும் வைத்திருக்கும் நம்மவர்கள் ஏராளம். அதனால் போனில் சோதிக்காமல் எதையும் வெளியே விடாதீர்கள். இப்போது திறக்கும் பெட்டிகளுக்கு டயலாக் என்றே ஒரு டேக் இருக்கிறது, ஃபோகஸ் வேலையில் பெரும்பாலானதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஏஐ பற்றிக் கேட்கவில்லை, கேட்பீர்கள். ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுத்து "ஏதாவது வெட்டுப்பட்டுத் தெரிகிறதா" என்று கேட்க நல்ல துணை. கோட் எழுதச் சொன்னால் டிவ்வுக்குள் டிவ்வாக அடுக்கித் தரும். முதல் 6 மாதம் அதை எழுதவிடாதீர்கள்.

வேலை. முன்பு நம்மிடம் வந்தது தயவு, இப்போது சட்டம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணுச் சேவைகளையும் சேர்த்தே பேசுகிறது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று வந்த இன்னொரு தீர்ப்பு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ம் பிரிவில் உள்ள வாழ்வுரிமையின் பகுதி என்றது. கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்புக்குக் கண் சிமிட்டச் சொல்லும் செயலிகள்தான் அந்த வழக்கின் பின்னணி. ஐரோப்பாவின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது, அங்கே பொருள் விற்கும் கம்பெனிகளுக்கு இங்கே இருந்து கோட் எழுதுகிறவர்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது.

பெரும்பாலும் உங்களுக்கு முதலில் கிடைப்பது டெஸ்டர் வேலை. வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். "பார்வையற்றவரா, ஸ்கிரீன் ரீடரில் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரு மூலையில் வைத்துவிடுவார்கள். நான் 3 வருடம் அந்த மூலையில் இருந்தேன். வெளியே வந்தது எப்படி என்றால், பிழை அறிக்கையோடு திருத்திய கோடையும் சேர்த்து அனுப்ப ஆரம்பித்தேன். நாலாவது மாதம் அவர்களே நேரடியாக என்னைத் திருத்தச் சொன்னார்கள்.

கடைசியாக லேப்டாப். கடைக்காரர் திரை எத்தனை இஞ்ச், டிஸ்ப்ளே என்ன தரம் என்று ஆரம்பிப்பார். அந்தக் காசைத் திரையில் போடாதீர்கள். எஸ்எஸ்டி இருக்கட்டும், ரேம் 16 ஜிபி கிடைத்தால் நல்லது, 8-க்குக் கீழே வேண்டாம். ஹெட்போன் வயருள்ளதாக வாங்குங்கள், ப்ளூடூத்தில் பேச்சு ஒரு இமைப்பொழுது தாமதமாக வரும், வேகமாகத் தட்டும்போது அது பைத்தியம் பிடிக்க வைக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் கீபோர்ட். இன்செர்ட் கீ தனியாக இருக்கிறதா அல்லது எஃப்என் கீயோடு சேர்த்து அமுக்க வேண்டுமா, அம்புக்குறிகள் கைக்கு அடையாளம் தெரிகிறதா, ஹோம், எண்ட் எங்கே என்று பாருங்கள். பென் டிரைவில் என்விடிஏவின் போர்ட்டபிள் காப்பி ஒன்று எடுத்துக்கொண்டு போய், கடையிலேயே ஓடவிட்டு, பத்து நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் காசைக் கொடுங்கள்.